பிரான்சுக்குப் போன தோழன்

தன் புருசன் பிரான்சில் இருக்கிறான் என்பது உதயகலாவுக்குக் கொடிகாமத்தில் வைத்துத்தான் தெரியவந்தது. அன்று காலைதான் அவள் அவனை உடுவில் வீட்டுக் குசினி வாசலில் இருத்தி, அவன் இடக்கையால் ஒவ்வொரு பொத்தானாகச் சேட்டைப் பூட்டி முடிக்கும்வரை வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, புட்டும் வாழைப்பழமும் வைத்துக் கொடுத்துவிட்டு வாடகை வானில் ஏறியவள். அதற்கிடையில் எந்தப் பிளேனைப் பிடித்து எப்போது போனானோ.

கொடிகாமத்தில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. புருசன் லக்ஷனின் தங்கச்சி பிரசாந்திக்குக் கலியாணம். தாலிக்கான பொன்னைப் பத்தர் உருக்கி எடுத்து, பெண்கள் ஒவ்வொருவராகப் பூப்போட்டுக் கும்பிட்டு முடித்து, எல்லோரும் பலகாரத் தட்டோடு நிழலில் குந்தியிருந்த நேரம். மாப்பிள்ளையின் தாய் பத்மாசினி சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவள். அவள் இரகசியம் சொன்னாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அவள் உதயகலாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, பாசமாகத்தான் கேட்டாள்.

"எங்கை பிள்ளை, உம்மடை அவர் பிரான்சிலை எவடம்? என்ரை தம்பியும் பாரிசிலை லாச்சப்பலிலை கடை வைச்சிருக்கிறான். நம்பரைத் தாரும், அவன் போய்ப் பாப்பான்."

உதயகலாவின் கையில் கடித்த பயற்றம்பணியாரம் அப்படியே நின்றது. தங்கச்சியின் கலியாணத்துக்கும் வர முடியாமல், வதிவிடக் காட் கிடைக்காமல் அந்தரப்படுகிறாராம், அம்மான் எல்லாம் சொன்னவர், பாவம் என்று பத்மாசினி அடுக்கிக்கொண்டே போனாள். உதயகலா நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ப்பக்கக் கதிரையில் சீவரத்தினம் அம்மான், அவளுடைய மாமியாரின் தம்பி, இந்தக் கலியாணத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற மனிதர், கண்ணை உருட்டி உருட்டி அவளுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. தட்டை அவர் முகத்தில் எறிந்துவிட்டு எழும்பியிருப்பாள். பொன் உருக்கின வீடு, பிரசாந்தியின் வாழ்வு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கென்ன தெரியும் அன்ரி. அம்மானைக் கேளுங்கோ. அவர்தான் அனுப்பி வைச்சவர்."

தாய்மாமன் என்றால் இப்படியல்லவோ இருக்கவேண்டும் என்று சுற்றியிருந்த பெண்கள் சீவரத்தினத்தைப் பார்த்து மெச்சினார்கள். அந்த மனிதர் வெட்கமேயில்லாமல் தலையைக் குனிந்து சிரித்தார்.

திரும்பி வரும்போது வானில் அவள் ஒரு சொல்லுக் கதைக்கவில்லை. வான்காரன் ஊர்க்காரன். அவன் காதில் விழுந்தால் சாவகச்சேரி தாண்ட முதல் உடுவிலுக்குச் செய்தி போய்விடும். சன்னலோரம் இருந்து, மடியில் கிடந்த கைலேஞ்சியை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

பிரான்சாம். சந்தைக்குப் பீற்றூட் மூட்டை கொண்டுபோன மோட்டச்சைக்கிளில் போன மாரிக்குத்தான் அவன் விழுந்தான். மம்மல் இருட்டு நேரம் மாடு குறுக்கே பாய்ந்தது. கெல்மெட் கைபிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்காக அவனைத் திட்டித் தீர்க்க அவளுக்கு இன்றுவரை ஆசை, திட்டுவதற்குத்தான் மனம் வரவில்லை. மண்டையோட்டைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம் அடி. வலக்கையும் வலக்காலும் இழுத்துக்கொண்டன, பேச்சும் போனது. நாள்கணக்காக நினைவில்லாமல் கிடந்தவன் கண்ணைத் திறந்து, தாய் பாலேஸ்வரி குனிந்து "ராசா" என்று கூப்பிட்டதும், வாயைத் திறந்து தெளிவாக ஒரு சொல் சொன்னான்.

"மூதேவி."

வாழ்க்கையில் ஒருநாளும் ஒருவரையும் அப்படிப் பேசாதவன். தறிகெட்ட ஆட்டைக்கூட வாடியம்மா என்று கூப்பிடுகிறவன். அன்றிலிருந்து அவனிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், தலை இடிக்கிறது என்றாலும் அதுதான், உதயகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல அவதிப்படும்போது வருவதும் அதுதான். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ் எல்லோரையும் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினாள். பேசுகிற இடம் பழுதானாலும் ஏச்சு வார்த்தை வேறு பாதையால் தானாக வெளியே வரும், அவர் தெரிவு செய்து சொல்லவில்லை, நீங்கள் கதைப்பதெல்லாம் அவருக்கு விளங்கும் என்றாள். மாமியும் அம்மானும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். தலையாட்டினதோடு சரி.

பிறகு சனம் வந்தது. கையில் நெஸ்ரமோல்ற் மாப் பைக்கற்றும் அப்பிளுமாக வருத்தம் பார்க்க வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அவனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னைத் தெரியுதோ? நான் ஆர், சொல்லு பாப்பம்" என்று சோதினை வைத்தார்கள். அவன் நெற்றி நரம்பு புடைக்க முக்கி முக்கி, கடைசியில் மூதேவி என்றான். போகும்போது முகத்தைச் சுருக்கிக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்க அவனுக்கு மண்டை பிழை என்று கதை. சோதினை வைத்த மூதேசிகளைக் கேட்பார் இல்லை. உதயகலா ஒருநாள் படலையைப் பூட்டிவிட்டு, இனி ஆர் வந்தாலும் படிக்கட்டோடு அப்பிளை வைச்சிட்டுப் போகச் சொல்லுங்கோ என்று மாமியிடம் சொன்னாள். அதற்கும் அவளுக்குத்தான் திமிர் என்று பெயர்.

பிரசாந்திக்குச் சம்பந்தம் சரிவந்த அன்று லக்ஷன் என்ன செய்தான் என்பதை அம்மானும் கண்ணால் கண்டவர். ஒருவரும் கேட்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்துச் சாமியறைக்குப் போனான். செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். தங்கச்சியைக் காட்டினான், தன் நெஞ்சைத் தொட்டான், வெறும் செம்பை நிலத்தைப் பார்த்துச் சரித்தான். எல்லோருக்கும் விளங்கியது. மாப்பிள்ளை மண்டப வாசலில் வந்து இறங்கியதும் பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நின்று காலுக்குத் தண்ணீர் வார்க்கவேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். அந்த இடம் தன்னுடையது என்று வாயில்லாமல் சொன்னான். மாமி அழுதாள். "நீதான்ரா தோழன், வேறை ஆர்?" என்று அம்மான் அவனுடைய தோளில் தட்டினார்.

அடுத்த நாளே கிணற்றடியில் பழக்கம் தொடங்கியது. வலக்கையால் செம்பைப் பிடித்து, இடக்கையை அண்டை கொடுத்து வார்க்கவேண்டும். துவைக்கிற கல்லில் வார்க்கச் சொன்னபோது அவனுக்கு அக்கறையே வரவில்லை. தண்ணீர் ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம். உதயகலா யோசித்துப் பார்த்துவிட்டுத் தன் காலை வைத்தாள். அதற்குப் பிறகு அவன் முகமே மாறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு குறி பார்த்தான். முதலில் அவளுடைய சட்டைதான் நனைந்தது. பிறகு முழங்கால். பிறகு மெல்ல மெல்லப் பாதத்துக்கு வந்தது. வலக்காலுக்கு வார்த்து முடிந்ததும் செம்பைச் சரித்தபடியே நிற்பான். அவள் இடக்காலை வைக்கவேண்டும். நாள்தவறாமல் அப்படித்தான்.

ஒருநாள் மாமி கண்டுவிட்டாள். கட்டின புருசனைக் கொண்டு கால் கழுவிக்கிறாளே, இந்த அநியாயத்தைக் கேட்க ஆருமில்லையோ என்று கிணற்றடியில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அது கை பழக்குகிற வேலை என்று உதயகலா விளங்கப்படுத்திப் பார்த்தாள். ஏறவில்லை. மகனுக்குப் புத்தி அடியோடு பேதலித்துவிட்டது என்று அன்றைக்கு மாமி தீர்த்து முடித்தாள் போலும். தம்பி சீவரத்தினத்திடம் அழுதிருப்பாள். அதற்குப் பிறகுதான் அவர் லக்ஷனுக்கு வீசா எடுத்திருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், வான் ஒழுங்கை திரும்புமட்டும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, உதயகலா குசினிக்குள் போய் எல்லோரையும் கூப்பிட்டாள். அம்மான் தேத்தண்ணி வரும் என்று நினைத்து மர வாங்கில் இருந்தார்.

ஆத்திரப்படாதே பிள்ளை என்றுதான் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டார்களாம், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாராம். இந்த ஊரில் ஆருடைய வீட்டில் ஒருத்தன் வெளியில் இல்லை, சொன்னால் சனம் மேலே ஒன்றும் கேட்காது என்றார். தோழனுக்குத் தன் மகன் குகதாசன் நிற்பானாம். நீர் வந்தால் இன்றைக்குப் போலப் புருசனைப் பற்றிக் கேள்வி வரும், உமக்குக் காய்ச்சல் என்று சொல்லுவம், அன்றைக்கு நீர் அவனோடு வீட்டில் இரும் என்றும் ஒழுங்கு செய்து வைத்திருந்தார்.

"நீதான் தோழன் எண்டு அவருக்குச் சொன்னது ஆர்?" என்று அவள் கேட்டாள்.

"அது அவன்ரை மனம் ஆறட்டும் எண்டு சொன்னது. சபையிலை மாப்பிள்ளையின்ரை முகத்தைப் பாத்து உந்தச் சொல்லைச் சொன்னானெண்டால் என்ன செய்வீர்? தாலி கட்ட முந்தி?"

மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குமர்ப்பிள்ளை கரையேறட்டும், பிறகு என்னெண்டாலும் செய்வம் என்றாள். உதயகலா பிரசாந்தியைப் பார்த்தாள். அவள் அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"நீயும் அறிவியோ?"

பிரசாந்தி நிலத்தைப் பார்த்தாள். "எனக்கு முப்பத்திமூண்டு வயசு, அண்ணி."

அதுதான் உதயகலாவை வெட்டிப் போட்டது. இந்தப் பெட்டையை அவன் தோளில் வைத்து வளர்த்தவன். பீற்றூட் விற்ற கையோடு அவளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கியவன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"உயிரோடை இருக்கிற மனிசனை இல்லையெண்டு சொல்லுறியள். அண்டைக்கு அந்த றோட்டிலையே செத்திருந்தால் உங்களுக்கு நல்லம். பொய் சொல்லுற வேலையும் மிச்சம்."

மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் வாசலில் ஊன்றுதடி சத்தம் கேட்டது. லக்ஷன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ. எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான், தாயின் முகத்தில் பார்வையை நிறுத்தினான், சத்தமில்லாமல் அந்தச் சொல்லைச் சொன்னான். அது தானாக வந்தது என்று அன்றைக்கு ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவன் கிணற்றடிக்கு வரவில்லை. அவள் செம்பை அவன் கையில் கொடுக்க, தட்டிவிட்டான். அது உருண்டு போய்க் குசினி மூலையில் கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. வீடு முழுக்கப் பலகாரச் சூடும் பந்தல்காரனின் சத்தமுமாகக் கிடக்க, அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். உதயகலாவின் ஆத்திரத்துக்குப் போக்கிடம் இல்லை. சட்டி பானையில் காட்டினாள், கோழியைக் கலைத்தாள், எழும்பி இருக்கச் சொல்லி அவன் மேலும் பாய்ந்தாள். கலியாண அழைப்புக் காட்டில் அச்சடித்திருந்த பத்மாசினியின் நம்பரை ஒருதரம் அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியதும் பிரசாந்தியின் குனிந்த தலை நினைவுக்கு வர, போனை வைத்துவிட்டாள். நான் ஏன் இந்தப் பொய்யைக் காவவேண்டும் என்று அதற்கும் தன்மேலேயே எரிந்து விழுந்தாள்.

கலியாணத்தன்று விடியவே எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். வெறும் வீடு. காய்ச்சல்காரி உதயகலா, அடுப்படியில் இருந்து கரிச்சட்டியைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றுத் துலா கிறீச்சிட்டது. பயந்துபோய் ஓடினாள்.

லக்ஷன் கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றான். வாளி பாதியில் தொங்கியது. மூலையில் கிடந்த செம்பு அவனுடைய வலக்கை இடுக்கில். கட்டியிருந்தது பட்டு வேட்டி, ஒரு கையால் சுற்றினதில் பாதி அவிழ்ந்து சேற்றில் இழுபட்டது. அந்த வேட்டியை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தாள். அவனுடைய கட்டில் ஓரத்தில் மடிப்புக் குலையாத சால்வையும் ஒரு கொத்து மல்லிகைப் பூவும் கிடந்தன. பெண்ணின் தலைக்குக் கட்டின மல்லிகை. பிரசாந்தி போகும்போது வேட்டியோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லத் தமையனைப் போலவே தங்கச்சிக்கும் வரவில்லை.

உதயகலா அவனுக்கு வேட்டியைச் சரியாகக் கட்டினாள். பெட்டியைத் திறந்து தன் கூறைச்சேலையை எடுத்து உடுத்தாள். ஒழுங்கை முகப்பில் நிற்கிற ஓட்டோவைக் கூப்பிட்டாள். நடப்பது நடக்கட்டும்.

மண்டபத்து வாசலில் மேளம் முழங்கியது. மாப்பிள்ளை தேனுஜன் தலைப்பாகையோடு காரால் இறங்கிப் பலகையில் ஏறி நின்ற நேரம், ஓட்டோ காருக்குப் பின்னால் போய் நின்றது. உதயகலா செருப்பை ஓட்டோவிலேயே கழற்றி விட்டுவிட்டு இறங்கினாள். லக்ஷன் நாலுகால் தடியை ஊன்றி, வலக்காலை இழுத்து இழுத்து நடந்தான். சனம் விலகியது. செம்போடு நின்ற குகதாசன் வெளிறிப்போனான்.

பத்மாசினி திரும்பிப் பார்த்தாள். "காய்ச்சல் எண்டவை? உவர் ஆர், பிள்ளை?"

"பொம்பிளையின்ரை தமையன், அன்ரி. பிரான்சிலை இருந்து இப்பதான் வந்திறங்கினவர்."

பத்மாசினி அவனுடைய தலையில் இருந்த தழும்பைப் பார்த்தாள், மடங்கிய கையைப் பார்த்தாள், சீவரத்தினத்தைப் பார்த்தாள். சந்தையில் அழுகல் மூட்டையைத் தலையில் கட்ட வந்தவனைப் பார்க்கிற பார்வை. பொய் சொல்லி எங்களைப் பேய்க்காட்டினனீங்களோ என்று கேட்டாள். தேனுஜனின் முகமும் கறுத்துத்தான் போனது. அவன் பாலேஸ்வரியிடம் நேரே கேட்டான், இவர்தானோ அண்ணை என்று. மாமி சபைக்கு முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"ஓம் தம்பி," என்றாள். "என்ரை பிள்ளை."

"அப்ப செம்பை அவரிட்டைக் குடுங்கோ." அதை அவன் இனிமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் காலைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

லக்ஷன் தடியை உதயகலாவிடம் கொடுத்தான். செம்பை வாங்கினான். கை ஆடியது. பலகையில் கொஞ்சம், வேட்டிக் கரையில் கொஞ்சம். பல்லைக் கடித்துக்கொண்டு குறி பார்த்தான். தண்ணீர் நூலாக மாப்பிள்ளையின் பாதத்தில் விழத் தொடங்கியது. வீடியோக்காரன் அண்ணை இஞ்சாலை பாருங்கோ என்றான். ஐயர் நேரம் போகிறது என்றார். சீவரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. விடு ராசா, அம்மான் வாக்கிறன் என்று பாய்ந்து வந்து செம்பைப் பிடித்து இழுத்தார்.

"மூதேவி!"

தவில்காரன் கையை எடுத்துவிட்டான். நான் சொன்னது நடந்ததா இல்லையா என்பது போல அம்மான் எல்லோரையும் பார்த்தார்.

பத்மாசினி தொண்டையைச் செருமினாள்.

"ஆளைப் பாத்துத்தான் சொல்லியிருக்கிறார்," என்றாள், நாலு வீட்டுக்குக் கேட்க. "கையை எடுங்கோ. அவர் வாக்கட்டும்."

அம்மான் கையை எடுத்தார். மேளம் திரும்பவும் தொடங்கியது. லக்ஷன் அவசரப்படவில்லை. ஒரு கால் முடித்து மறு காலுக்கும் வார்த்தான். மாப்பிள்ளை மோதிரத்தை எடுத்தபோது அவனுடைய வலக்கை விரல்கள் இறுகிக் கிடந்தன. உதயகலா கிட்டப் போய் மணிக்கட்டைக் கீழே மடக்கிப் பிடிக்க, விரல்கள் தாமாக விரிந்தன. மோதிரம் ஏறியது. அவளுடைய ஆத்திரம் மட்டும் இறங்கவில்லை. இந்தக் கையையா ஒளித்து வைக்கப் பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவராய்ப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது. அம்மானை இந்தப் பிறப்பில் மன்னிப்பதில்லை என்று அங்கேயே நின்று முடிவு கட்டினாள்.

செம்பில் இன்னும் தண்ணீர் இருந்தது. லக்ஷன் அதைப் பார்த்தான். பிறகு நிலத்தில் எதையோ தேடினான். கூறைச்சேலைக்குக் கீழே அவளுடைய வெறுங்காலைக் கண்டதும் முகம் தெளிந்தது. இடக்கையை அண்டை கொடுத்து, நிதானமாக, ஒரு துளி சிந்தாமல் அவளுடைய வலக்காலுக்கு வார்த்தான்.

ஐயோ லக்ஷன் என்று மாமி கத்தினாள். சபையில் ஆரோ களுக்கென்று சிரித்தார்கள். வீடியோக்காரன் கமராவை அவளுடைய காலுக்குத் திருப்பினான். உதயகலாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. கூறைச்சேலையின் கரை நனைந்தது. லக்ஷன் ஒருவரையும் பார்க்கவில்லை. செம்பைச் சரித்தபடியே நின்றான்.

அவள் இடக்காலையும் முன்னுக்கு வைத்தாள்.